வலி மெதுவாக வரும்போது: கடலூர், புதுச்சேரிப் பக்கம் தலைப்பிரசவத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு

எனக்கு வலி எடுத்தது திங்கட்கிழமை இரவு 11 மணிக்கு. குழந்தை பிறந்தது புதன்கிழமை இரவு 9.40-க்கு. நடுவில் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அம்மா வீட்டிலிருந்து புதுச்சேரிக்கு மூன்று முறை கார் பிடித்துப் போனோம். இரண்டு முறை "இன்னும் நேரம் இருக்கு, வீட்டுக்குப் போய்ட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை வீட்டுப் பெரியவர்கள் கெஞ்சிக் கேட்டுச் சேர்த்துவிட்டார்கள். அங்கேதான் தவறிவிட்டோம். தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, எழுந்து நடக்கவும் விடவில்லை. 24 மணி நேரம் ஒரே கட்டிலில் கிடந்தேன். முக்க வேண்டிய நேரம் வந்தபோது உடம்பில் தெம்பே இல்லை.

தலைப்பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் இளகி மெல்லத் திறக்கும் முதல் கட்டம் ஒரு நாள் முழுக்க இழுக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. விட்டு விட்டு வரும், நின்றுவிடும், மறுபடி வரும். உங்களுக்கு ஏதோ குறை என்று அதற்கு அர்த்தம் இல்லை. இந்த நேரத்தை எங்கே, எப்படிக் கழிக்கிறீர்கள் என்பதுதான் கடைசி சில மணி நேரத்துக்கான தெம்பைத் தீர்மானிக்கிறது.

இரண்டு வருடம் கழித்து என் தங்கைக்கு நிறைமாதம் ஆனபோது, பட்ட பாட்டையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்களுக்கு ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, முந்தைய சிசேரியன், இரட்டைக் குழந்தை, குழந்தையின் தலை கீழே திரும்பாதது என்று எதுவாவது இருந்தால், வீட்டில் காத்திருப்பது பற்றிய பகுதி உங்களுக்கானது அல்ல. வலி லேசாகத் தொடங்கியதுமே கிளம்பிவிடுங்கள்.

1. எங்கே பிரசவம் என்று 34-ஆம் வாரத்துக்குள் முடிவெடுங்கள்

கடலூரில் மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர். கடலூர் சாலையிலேயே கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அங்கே கூட்டம் குறைவு, தெரிந்த நர்ஸம்மா இருப்பார். அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. "கடலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருக்கோம்" என்றால் அது கடலூர் நகரத்தில் இல்லை. சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கிறது, கடலூரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். முண்டியம்பாக்கம் என்றால் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. நள்ளிரவில் மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுக்கும்போது வண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்த இடத்துக்கு 34 வாரத்தில் ஒரு முறையாவது ஓபி சீட்டு போட்டுக் காட்டிவிடுங்கள். உங்கள் பெயரில் அங்கே ஒரு எண் விழுந்துவிடும், வலியோடு போகும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. அன்றைக்கே நான்கு விஷயம் கேளுங்கள்: இரவில் மகப்பேறு மருத்துவர் இருப்பாரா, மயக்க மருந்து கொடுப்பவர் வர எவ்வளவு நேரம் ஆகும், குறைமாதக் குழந்தைப் பிரிவு உண்டா, பிரசவ அறைக்குள் கூட ஒருவரை விடுவார்களா.

பிரசவத் தேதி நவம்பர், டிசம்பரில் விழுந்தால் மழையையும் கணக்கில் எடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையைத் திறந்தபோது தென்பெண்ணை பெருகி, கடலூரில் ஆற்றோரப் பகுதிகளைத் தண்ணீர் சூழ்ந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மருத்துவமனை, இந்தப் பக்கம் வீடு என்றால், புயல் அறிவிப்பு வந்த அன்றே அந்தப் பக்கத்து உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

2. தாள்களை 36-ஆம் வாரத்துக்குள் ஒரே பையில் வையுங்கள்

ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்று வாங்கி, அசலையும் இரண்டு செட் ஜெராக்ஸையும் போட்டுவிடுங்கள்:

- தாய் சேய் நல அட்டை
- பிக்மியில் (கர்ப்பத்தைப் பதியும் தமிழ்நாடு அரசு இணையதளம்) பதிந்த 12 இலக்க ஆர்சிஎச் எண் (அட்டையின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்)
- எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும், முக்கியமாக முதல் ஸ்கேன். தேதி கணக்கிட அதைத்தான் கேட்பார்கள்
- ரத்த வகை, ஹீமோகுளோபின், எச்ஐவி, மஞ்சள் காமாலை, சர்க்கரை, தைராய்டு முடிவுகள்
- உங்கள் ஆதார், கணவர் ஆதார், குடும்ப அட்டை
- உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் வங்கிப் புத்தகம்

கூட்டுக் கணக்கு வைத்திருந்தால் இப்போதே உங்கள் பெயரில் தனியாக ஒன்று திறந்து ஆதாரை இணைத்துவிடுங்கள். உதவித் தொகை தாயின் கணக்குக்குத்தான் வரும்.

தமிழ்நாட்டில் ஆர்சிஎச் எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. கர்ப்பம் உறுதியானதும் உங்கள் பகுதி கிராம அல்லது நகர சுகாதார செவிலியரிடம் பதிந்துகொள்ளுங்கள். தனியாரில்தான் பார்க்கப் போகிறோம் என்றாலும் பதிய வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். 19 வயது நிரம்பியவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு, பணமாக 14,000 ரூபாயும் ஊட்டச்சத்துப் பெட்டகமாக மீதியும் சேர்த்து மொத்தம் 18,000. கடலூரில் பதிந்துவிட்டுப் புதுச்சேரியில் பிரசவம் பார்க்கப் போகிறவர்கள், அடுத்த தவணைகள் என்ன ஆகும் என்று செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நான் பிரசவம் ஆன பிறகு கேட்டேன். அதற்குள் அலைச்சல் தொடங்கிவிட்டது.

உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகையா? அப்படியானால் குழந்தையின் ரத்தம் பாசிட்டிவ் என்று தெரிந்ததும், 72 மணி நேரத்துக்குள் ஒரு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அது இருப்பில் இருக்கிறதா, வெளியே வாங்க வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். வெளியே வாங்கினால் சில ஆயிரம் ஆகும். ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேரின் எண்ணையும் பையில் எழுதி வையுங்கள்.

துணிப் பையைப் பற்றி அம்மாக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் மறப்பதை மட்டும் சொல்கிறேன்: முன்பக்கம் திறக்கும் நைட்டி, நீள வயர் உள்ள சார்ஜர், ஃபிளாஸ்க், 50, 100 ரூபாய் நோட்டுகளாகச் சில்லறை.

3. வலியை எண்ணும் முறை

ஒரு வலி தொடங்கும் நேரத்திலிருந்து அடுத்த வலி தொடங்கும் நேரம் வரை எண்ண வேண்டும். நாங்கள் வலி முடிந்ததிலிருந்து அடுத்தது வரை எண்ணிக் கணக்கைக் குழப்பிவிட்டோம். கூடவே, வலி எத்தனை நொடி நீடிக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

அன்றிரவு அம்மா தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது: 11.05, 11.19, 11.26, 11.50, 12.02, 12.30. இப்போது பார்த்தால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இதில் ஒழுங்கே இல்லை. ஆனால் அன்று பயத்தில் 3 மணிக்குக் காரைக் கூப்பிட்டோம். போனதும் பார்த்துவிட்டு, "ஒரு விரல்தான் திறந்திருக்கு" என்றார்கள்.

வயிற்றில் கை வைத்துப் பார்ப்பதும் உதவும். வலி வரும்போது வயிறு மூக்கு நுனி அளவுக்குத்தான் கெட்டியாகிறது என்றால் லேசான வலி. முகவாய்க்கட்டை மாதிரி என்றால் நடுத்தரம். நெற்றி மாதிரி, விரல் வைத்தால் உள்ளே போகவே போகாது என்றால் நல்ல வலி.

"ஒரு விரல்", "ரெண்டு விரல்" என்று அவர்கள் சொல்வது கர்ப்பப்பை வாய் திறந்த அளவு. ஒரு விரல் ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 சென்டிமீட்டர். முழுதாகத் திறந்தால் 10. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவம் வேகம் பிடிக்கும் கட்டம். அதற்கு முந்தைய கட்டம் இவ்வளவு நேரம்தான் எடுக்கும் என்று ஒரு வரையறையே கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. "மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கணும், உனக்குத் திறக்கலை" என்று யாராவது சொன்னால் மனதை விட்டுவிடாதீர்கள். எல்லோருக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது.

சீரகக் கஷாயம் கொடுத்து, வலி அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் பிரசவ வலி என்பார்கள். கஷாயம் குடிக்கலாம், வயிற்றுக்கு இதமாக இருக்கும். ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உண்மையான பிரசவ வலியின் ஆரம்பமும் சூடாகக் குடித்துப் படுத்தால் கொஞ்ச நேரம் அடங்கும். நேரம் போகப் போக இடைவெளி குறைகிறதா, வலி நீள்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

4. வீட்டில் கழிக்கும் மணி நேரங்கள்

வலி எடுத்ததும் முதலில் செய்ய வேண்டியது தூங்குவது. இதைப் படிக்கும்போது கோபம் வரும், தெரியும். ஆனால் 20 நிமிடத்துக்கு ஒரு வலி என்றால் நடுவில் 19 நிமிடம் இருக்கிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்து, விளக்கை அணைத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று மணி நேரம் எண்ணவே வேண்டாம். எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லவும் வேண்டாம். எங்கள் வீட்டில் 12 மணிக்குள் ஒன்பது பேருக்குத் தெரிந்துவிட்டது. அரை மணிக்கு ஒருவர் "ஆச்சா?" என்று கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு படபடத்தது. தங்கைக்கு வலி எடுத்தபோது அவள் வீட்டுக்காரர், அம்மா, நான், மூன்று பேருக்குத்தான் தெரியும்.

விடிந்த பிறகும் இழுத்துக்கொண்டிருந்தால் சாப்பிடுங்கள். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், அரிசிக் கஞ்சி, மோர், இளநீர், பேரீச்சை என்று எளிதில் செரிப்பதாகக் கொஞ்சம் கொஞ்சமாக. "ஆபரேஷன் ஆனாலும் ஆகும், ஒண்ணும் குடுக்காத" என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். சிக்கல் இல்லாத பெண் வலியின்போது சாப்பிடலாம், குடிக்கலாம் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். மருத்துவர் உங்களிடம் குறிப்பாக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மட்டும் நிறுத்துங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழித்துவிடுங்கள். பை நிறைந்திருந்தால் குழந்தையின் தலை இறங்கச் சிரமப்படும்.

வெந்நீர் பெரிய மருந்து. தங்கை ஒரு முக்காலியைக் குளியலறையில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இடுப்பின் பின்பக்கம் சொம்பு சொம்பாக நான் வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். வலி வரும்போது ஊற்றுவது, போனால் நிறுத்துவது. ஒரு பானைத் தண்ணீர் தீரும் வரை அவள் ஒரு முறைகூட முனகவில்லை. கைக்குச் சூடாகத் தெரியும் நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும்.

அடுத்தது இடுப்பை அழுத்துவது. வலி முதுகுப் பக்கம் இழுப்பவர்களுக்கு இது உயிர் கொடுக்கும். முதுகெலும்பு முடியும் இடத்தில் ஒரு தட்டை எலும்பு இருக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியை அதில் வைத்து, சப்பாத்தி மாவை அழுத்துவதுபோல, உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்த வேண்டும். தடவிக் கொடுத்தால் போதாது, அழுத்த வேண்டும். அவள் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, சாய்மானத்தின் மேல் கையை மடக்கித் தலையை வைத்துக்கொண்டால் உங்களுக்கும் வசதி. கணவருக்கு இதை 36-ஆம் வாரத்திலேயே பழக்கிவிடுங்கள். பெரும்பாலான பிரசவ அறைகளுக்குள் அவரை விடமாட்டார்கள், வீட்டில்தான் அவர் கை உதவும்.

கூடத்தில் மெல்ல நடக்கலாம். வலி வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டலாம். மூச்சை அடக்காமல், வாயால் நீளமாக விடுங்கள். என்னை மொட்டை மாடிப் படியில் பதினைந்து முறை ஏற்றி இறக்கினார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அசதிதான் மிஞ்சும், கர்ப்பப்பை வாய் அதனால் வேகமாகத் திறந்துவிடாது.

செய்யவே கூடாதவை: விளக்கெண்ணெய் குடிக்கக் கூடாது. வயிற்றைப் பிடித்துக் கீழே தள்ளக் கூடாது. முழுதாகத் திறக்கும் முன் முக்கக் கூடாது, கர்ப்பப்பை வாய் வீங்கிவிடும். மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. பாராசிட்டமால் தவிர மற்ற பல வலி மாத்திரைகள் நிறைமாதத்தில் குழந்தைக்கு ஆகாது. பாராசிட்டமாலும் மருத்துவரைக் கேட்ட பிறகுதான்.

இவ்வளவுக்கும் நடுவில் குழந்தை அசைவதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வலியில் அதை மறந்துவிடுவோம். கூட இருப்பவர் மணிக்கு ஒரு முறை "புள்ள அசைஞ்சுதா?" என்று கேட்க வேண்டும்.

5. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்

- பனிக்குடம் உடைந்து நீர் போகிறது. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போக வேண்டும். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், நாப்கின் வைத்து நிறத்தைப் பாருங்கள்
- நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கிறது
- மாதவிடாய் அளவுக்கு ரத்தம் போகிறது. சளி மாதிரி வெள்ளையில் ரத்தக் கீற்று மட்டும் என்றால் அது கர்ப்பப்பை வாய் இளகுவதன் அறிகுறி, அதற்குப் பதற வேண்டாம்
- குழந்தையின் அசைவு குறைந்துவிட்டது, அல்லது இல்லை
- வலி விட்டு விட்டு வராமல் விடாமல் தொடர்கிறது, வயிறு தளரவே இல்லை
- கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, வலிப்பு
- காய்ச்சல்
- 37 வாரம் முடியவில்லை

என் தங்கைக்கு இந்தப் பட்டியலில் இரண்டாவதுதான் நடந்தது. பதினான்கு மணி நேரம் வீட்டில் நன்றாகச் சமாளித்தாள். 4.10, 4.15, 4.21, 4.26 என்று தாளில் ஒழுங்கு வந்தது. கிளம்பலாம் என்று எழுந்தபோது நீர் உடைந்தது. வெள்ளை நாப்கினில் பாசி நிறம். உடனே காரில் ஏற்றினோம். குழந்தையின் துடிப்பு இறங்குகிறது என்று சிசேரியன் செய்தார்கள். இருவரும் நலம். வீட்டில் இருந்தால் சிசேரியனே வராது என்று நான் சொல்லவில்லை. ஓய்வெடுத்த உடம்போடு, எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்து போனாள். அதனால்தான் ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை.

6. கிளம்பும் நேரம்

தலைப்பிரசவம், சிக்கல் இல்லை, மருத்துவமனை அரை மணி நேரத் தூரம்: 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் 45 முதல் 60 நொடி, இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். அந்த வலியில் உங்களால் பேச முடியாது, சுற்றி நடப்பதில் மனம் போகாது. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, வடலூர்ப் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் 7, 8 நிமிட இடைவெளியிலேயே கிளம்புங்கள். இரண்டாவது பிரசவம் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், வலி ஒழுங்குக்கு வந்ததுமே போய்விடுங்கள்.

கடலூரிலிருந்து நாங்கள் போன வழி: ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம், கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம், இந்திரா காந்தி சிலை. நள்ளிரவில் முக்கால் மணி நேரத்தில் போன வழி, இரண்டாவது முறை மதியம் போனபோது ஒன்றரை மணி நேரம் ஆனது. அரியாங்குப்பத்திலிருந்து ஊர்ந்துகொண்டே போனோம். காலை 8 முதல் 10, மாலை 5 முதல் 8 என்றால் அரை மணி நேரம் கூட்டிக் கணக்குப் போடுங்கள். வண்டிக்காரர் இரண்டு பேரிடம் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

108 இலவசம், வண்டியிலேயே முதலுதவி தெரிந்தவர் இருப்பார். ஆனால் நீங்கள் நினைத்த மருத்துவமனைக்கு அல்ல, பக்கத்தில் வசதி உள்ள மருத்துவமனைக்குத்தான் அழைத்துப் போவார்கள். ஐந்தாம் பகுதியில் சொன்ன ஆபத்து எதுவாவது என்றால் அதைப் பற்றி யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

7. திருப்பி அனுப்பினால்

அழுகை வரும். எனக்கு வந்தது. ஆனால் திருப்பி அனுப்புவது உங்களை அலட்சியப்படுத்துவது என்று எப்போதும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பல நேரம் அதுதான் நல்லது. சீக்கிரம் சேர்த்துவிட்டால் கட்டில், டிரிப்ஸ், அடிக்கடி உள்பரிசோதனை, "இன்னும் திறக்கலையே" என்ற அவசரம், வலி வர ஊசி என்று ஒன்றின் பின் ஒன்றாக வரும்.

வெளியே வரும் முன் இவற்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: குழந்தையின் துடிப்பு எவ்வளவு (நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை சரி), என் ரத்தக் கொதிப்பு எவ்வளவு, எத்தனை விரல், எந்த நிலையில் திரும்ப வரணும். பதிலை அட்டையில் தேதி, மணியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்து வேறொரு டியூட்டி டாக்டர் பார்க்கும்போது அந்த ஒரு வரி பெரிய உதவி.

வீடு தூரம் என்றால் திரும்ப ஊருக்குப் போகாதீர்கள். நாங்கள் ஒவ்வொரு முறையும் கடலூருக்கே திரும்பினோம். அரியாங்குப்பத்தில் பெரியம்மா வீடு இருந்தது, வலி எடுத்த வீட்டில்தான் இருக்கணும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அங்கே போகவில்லை. இரண்டு முறை போக வர, எனக்கிருந்த தெம்பு வண்டியிலேயே போனது.

8. லேபர் வார்டுக்குள்

கூட இருக்க ஒரு பெண் உறவினரைத் தேர்ந்தெடுங்கள். பல இடங்களில் ஏற்கெனவே பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும் என்பார்கள். உறவில் நெருக்கமானவரைவிட, பயப்படாதவரைத் தேர்ந்தெடுங்கள். என் அம்மா என்னைவிட அதிகம் அழுதார். தங்கைக்கு அவள் நாத்தனார் போனார், அதுதான் சரியாக இருந்தது.

கேட்கத் தயங்க வேண்டாதவை: நான் எழுந்து நடக்கலாமா? ஒருக்களித்துப் படுக்கலாமா? கஞ்சி, தண்ணீர் குடிக்கலாமா? இந்த ஊசி எதற்கு? மல்லாக்கப் படுத்தே கிடக்க வேண்டும் என்று இல்லை. எனிமாவும் ஷேவிங்கும் எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. உள்பரிசோதனை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும் என்பதுதான் பொதுவான முறை. அடிக்கடி ஆள் மாற்றி ஆள் பார்த்தால், "இப்பத்தான் பார்த்தாங்க, எதுக்கு மறுபடி?" என்று பணிவாகக் கேளுங்கள். வலி வர டிரிப்ஸ் ஏற்றினால் குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். பார்க்கிறார்களா என்று கூட இருப்பவர் கவனிக்கட்டும்.

நான் சேர்ந்த மருத்துவமனையில் வலியில் கத்தியபோது, "அப்ப தெரியலையா?" என்று கேட்டார் ஒருவர். அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. எந்தப் பெண்ணும் அதைக் கேட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. அதே இடத்தில், இரவுப் பணியில் இருந்த இன்னொரு செவிலியர் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "நல்லாத்தான் பண்ற பாப்பா, இன்னும் கொஞ்சம்தான்" என்றார். கடைசி அரை மணி நேரத்தை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன்.

கையெழுத்துக் கேட்டால் எதற்கு என்று கேட்டுப் படித்துப் போடுங்கள். 18 வயது நிரம்பிய உங்கள் கையெழுத்தே செல்லும். மாமனார் வரட்டும் என்று அவசர சிசேரியனை நிறுத்தி வைக்காதீர்கள். பிரசவமான கையோடு கருத்தடைக்குக் காப்பர்-டி வைக்கும் வழக்கம் அரசு மருத்துவமனைகளில் உண்டு. வேண்டுமா வேண்டாமா என்று கணவரோடு முன்பே பேசி முடிவெடுத்து, சேரும்போதே சொல்லிவிடுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் வைக்கக் கூடாது.

9. பணம்

அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், பரிசோதனை எல்லாமே இலவசம். ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி சுகப்பிரசவத்துக்கு 3 நாளும் சிசேரியனுக்கு 7 நாளும் சாப்பாடும் உண்டு. தனியாரில் என்றால் "நார்மல் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். அறை வாடகை, குழந்தை மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து, மருந்துக் கடை பில் சேர்ந்ததா, சிசேரியன் ஆனால் எவ்வளவு, குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் நாளுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால், மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் முடிந்ததா என்று பாலிசியில் பாருங்கள். கணவருக்கோ உங்களுக்கோ இஎஸ்ஐ இருந்தால் அதையும் விடாதீர்கள். நீங்களே இஎஸ்ஐ சந்தா கட்டுபவர் என்றால் முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரச் சம்பளம் கிடைக்கும்.

எங்களுக்கு ஆன கைச்செலவில் பெரியது வண்டி வாடகைதான். மூன்று முறை போனதற்கு 4,200 ரூபாய். அடுத்தது, குழந்தையைக் குளிப்பாட்டித் தந்தவர், வீல்சேர் தள்ளியவர், வாசலில் நின்றவர் என்று கை நீட்டியவர்களுக்குக் கொடுத்த 1,700. பெண் குழந்தை என்றதும் "சரி, ஐந்நூறு குடுங்க போதும்" என்று குறைத்துக்கொண்டார் ஒருவர். அந்தக் கணக்கு எனக்கு அன்றைக்கும் வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் 104-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். குழந்தையைக் காட்டவே பணம் கேட்டால், அங்கேயே நின்று செவிலியர் பொறுப்பாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

10. வீடு திரும்பும் முன்பும் 21 நாளுக்குள்ளும்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க உதவச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, கூடவே பிசிஜி, போலியோ சொட்டு. அட்டையில் பதிந்தார்களா என்று பாருங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை என்றால் வீட்டில் கொண்டுபோய் விட 102 வண்டி இலவசம். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதாக நனைந்தால், காய்ச்சல் வந்தால், குழந்தை பால் குடிக்க மறுத்தால், திரும்ப அதே மருத்துவமனைக்கு இரவென்றும் பாராமல் போங்கள்.

பிறப்பு எங்கே நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும், நீங்கள் குடியிருக்கும் ஊரில் அல்ல. ஜிப்மரில் பிறந்த குழந்தைக்கு உழவர்கரை நகராட்சியில்தான் சான்றிதழ். கடலூர் மாநகராட்சிக்கு அலைந்து பயனில்லை. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. மருத்துவமனையே தகவலை அனுப்பும், ஆனால் அந்தப் படிவத்தில் எழுதுவது நீங்கள் சொல்லும் பெயர்தான். தாய், தந்தை பெயரை ஆதாரில் உள்ள எழுத்தோடு, இனிஷியலோடு, கடைசிப் புள்ளி வரை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். எங்கள் படிவத்தில் என் கணவர் பெயரில் ஒரு எழுத்து விட்டுப் போனது. அதைத் திருத்த நான்கு முறை போய் வந்தோம், கைக்குழந்தையோடு.

2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பது முதல் பாஸ்போர்ட் வரை இந்தச் சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம். குழந்தைக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட்டு ஒரு பெயரை எழுதிவிடாதீர்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டுப் பதியலாம். ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதன் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். சான்றிதழ் கைக்கு வந்ததும் குறைந்தது ஐந்து ஜெராக்ஸ் எடுத்து, தாய் சேய் நல அட்டை இருக்கும் அதே பையில் வையுங்கள். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது அந்தப் பை மறுபடி வேண்டும்.